ஹைஃபன், டேஷ் குழப்பம்: நீங்க பார்த்ததை எழுதுங்க

ஐந்துரோடு டிடிபி:
சேலத்துல ஒரு கிரிக்கெட் கிளப்போட இங்கிலீஷ் சர்க்குலர். பழைய பிளேயர்கள் வெள்ளிக்கிழமைக்குள்ள ‘ரீ-சைன்’ பண்ணணும்னு சொல்ல வந்தது. ஹைஃபன் விட்டுப்போய் ‘ரிசைன்’னு அச்சாகிடுச்சு. திரும்பக் கையெழுத்துப் போடக் கூப்பிட்ட தாள், விலகிப் போகச் சொல்லுது. நோட்டீஸ் போர்டுல அதுக்குக் கீழ யாரோ பேனாவால ‘ஏன்?’னு எழுதியிருந்தாங்க. அதுதான் இன்னும் உறுத்துது.

செவ்வாய்ப்பேட்டை கணக்கு:
உங்களுது கண்ணுக்காவது தெரிஞ்சது. ஒரு ஜவ்வரிசி வரவு செலவு எக்ஸெல் ஷீட்ல 12,000, 8,500, –500. கூட்டுத்தொகை 20,000 வரணும், 20,500 காட்டுது. அந்த 500-க்கு முன்னாடி இருந்தது மைனஸ் இல்ல, வேர்டுல இருந்து ஒட்டின ‘என் டேஷ்’ (en dash, ஹைஃபனை விடக் கொஞ்சம் நீளமான கோடு). எக்ஸெல் அதை எழுத்தா எடுத்துக்கும், சம் ஃபார்முலா சத்தமில்லாம தாண்டிப் போயிடும். எண் வலப்பக்கம் ஒட்டி நிக்கும், இது இடப்பக்கம் நிக்கும், அதுதான் அடையாளம். அந்தக் கோட்டை காப்பி பண்ணி ஃபைண்ட்ல போடுங்க, ரீப்ளேஸ்ல கீபோர்டு ஹைஃபன். செல் ‘டெக்ஸ்ட்’ வடிவத்துல இருந்தா முதல்ல ‘ஜெனரல்’ ஆக்குங்க, இல்லன்னா மாத்தின பிறகும் எழுத்தாவே கிடக்கும்.

மலைக்காப்பி:
ஏற்காட்டுல வாங்கின ஒரு காப்பிப் பொட்டலம். ‘ஷேட்-க்ரோன் அராபிகா’ (நிழல்ல வளர்ந்த அராபிகா)ன்னு ஹைஃபனோட சரியா இருக்கு. அடுத்த வரியிலேயே ‘ஃப்ரெஷ்லி-ரோஸ்டட்’. ‘லி’ல முடியற வினையடைக்குப் பின்னாடி ஹைஃபன் வராது. ‘தி காஃபி இஸ் ஷேட் க்ரோன்’னு பெயர்ச்சொல்லுக்குப் பின்னாடி வந்தாலும் பொதுவா வேண்டியதில்ல.

அச்சுத்திருத்தம்:
ஏற்காடு பத்தின ஒரு துண்டுப் பிரசுரத்துல, அங்க வாழ்ந்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் பேருக்குப் பக்கத்துல ‘ஃப்ரம் 1834–1912’ன்னு போட்டிருந்தாங்க. கோடு சரி, ‘ஃப்ரம்’ தப்பு. ‘ஃப்ரம்’ வந்தா ‘டு’ வரணும், ‘பிட்வீன்’ வந்தா ‘அண்ட்’. கோடு மட்டும்னா முன்னாடி எந்தச் சொல்லும் வேண்டாம்.

என் டேஷ் எப்படி அடிக்கறதுன்னும் சொல்லிடறேன். விண்டோஸ்ல ‘நம் லாக்’ (Num Lock) போட்டு, ஆல்ட்டை அழுத்திக்கிட்டே வலப்பக்க எண் பலகையில 0150. அதை விட நீளமான எம் டேஷுக்கு (em dash) 0151. மேல் வரிசை எண்கள்ல வேலை செய்யாது. எண் பலகை இல்லாத லேப்டாப்னா வேர்டுல 2013 அடிச்சு ஆல்ட்+எக்ஸ். ஆனா 1834-ஐ ஒட்டியே 2013 அடிச்சா முன்னாடி இருக்கற இலக்கங்களும் சேர்ந்துக்கும். 2013-ஐ மட்டும் தேர்ந்தெடுத்துட்டு அழுத்துங்க. மேக்ல ஆப்ஷன்+ஹைஃபன், ஷிஃப்ட்டும் சேர்த்தா எம் டேஷ். போன்ல ஜிபோர்டு ஹைஃபனை அழுத்திப் பிடிச்சா ரெண்டும் வரும். சேலம்–ஏற்காடு ரோடு மாதிரி இங்கிருந்து அங்கேன்னு வர்றதுக்கும் என் டேஷ்தான். வாக்கியத்தை உடைக்கணும்னா இடைவெளி விடாம எம் டேஷ். இடைவெளி விட்டா தப்பு.

ஐந்துரோடு டிடிபி:
கடைசி வரியை ஒத்துக்க மாட்டேன் சார். அமெரிக்க நடைக் கையேடான சிகாகோ மேனுவல் இடைவெளி இல்லாத எம் டேஷ் சொல்லுது, சரி. பிரிட்டன்ல பல பதிப்பகங்கள் அதே இடத்துல ரெண்டு பக்கமும் இடைவெளி விட்டு என் டேஷ் போடறாங்க. ரெண்டும் முறைதான். ஒரே புத்தகத்துல ரெண்டையும் கலந்தா மட்டும்தான் பிழை. உங்க வரியை நம்பி ஒருத்தர் நல்லா இருக்கற புரூஃபைத் திருத்திடுவார்.

அச்சுத்திருத்தம்:
பிரிட்டன் வழக்கு உண்மைதான். ‘தப்பு’ன்னு சொன்னதைச் சிகாகோ முறைக்கு மட்டும்னு எடுத்துக்குங்க. வெப் முகவரி, இமெயில், கம்ப்யூட்டர் கட்டளை இதுல எல்லாம் கீபோர்டு ஹைஃபன் தவிர வேற எதுவும் கூடாது. அதுல மாற்றுக் கருத்து கிடையாது.

செவ்வாய்ப்பேட்டை கணக்கு:
வேர்டு தானா மாத்தறதை நிறுத்த: ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ். அதுல ‘ஆட்டோஃபார்மேட் ஆஸ் யூ டைப்’ பக்கத்துல ஹைஃபனை டேஷாக்கற டிக்கை எடுத்துடுங்க. கணக்குத் தாள் அடிக்கிற கம்ப்யூட்டர்ல மட்டும் எடுத்தா போதும்.