சிலிகான் மீன்வால் மோல்டு சொதப்பின கதைகள், உங்களோடதும் சொல்லுங்க

வளசரவாக்கத்தான்:
போன மே மாசம் கடல்கன்னி ஷோ பண்ற ஒரு பொண்ணுக்கு சிலிகான் வால் செஞ்சு தரேன்னு அட்வான்ஸ் வாங்கிட்டேன். எனக்குத் தெரிஞ்சது ஷூட்டிங்குக்கு தழும்பு, தீக்காயம், வழுக்கை மண்டை, அவ்ளோதான். அதே வேலைதானே, கொஞ்சம் நீளமா இருக்கும்னு ஒரு தெனாவட்டு.

செதில் ஒவ்வொண்ணா களிமண்ல எடுத்து முடிக்க மூணு வாரம். துடுப்பு கிட்ட வர்றப்ப களிமண் தீந்துபோச்சு. வழக்கமா வாங்கறது கந்தகம் இல்லாத ஆயில் களிமண், அது வர நாலு நாள் ஆகும்னாங்க, எனக்கு பொறுமை இல்ல, பக்கத்து ஸ்டேஷனரி கடைல பசங்க விளையாடறதுக்கு விக்கிற களிமண் கட்டி இருந்துச்சு, அதையே வாங்கி அப்பிட்டேன். அதுமேல எடுத்த பிஓபி (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) மோல்டு அருமையா வந்துச்சு. களிமண்ண வழிச்சு எடுத்துட்டு, கார்பெண்டருங்க அடிக்கிற பிரெஞ்சு பாலிஷ் ரெண்டு கோட்டு அடிச்சு, வாஸ்லின் தடவி, 17 கிலோ சிலிகான் ஊத்தினேன். மறுநாள் தொறந்தா இடுப்புலேந்து கணுக்கால் வரைக்கும் சூப்பரு. துடுப்புல கை வெச்சேன்... அல்வா. அப்டியே கையோட வருது.

சிலிகான் ரெண்டு கேனா வரும், ஏ பாகம் பி பாகம்னு, அத சரியா கலக்கலன்னு அசிஸ்டண்ட் தம்பிய கண்டபடி திட்டிட்டேன், பாவம். கலக்கல் தப்பா இருந்தா அங்கங்க திட்டுத்திட்டா பிசுபிசுன்னு இருக்கும். இது கோடு கிழிச்ச மாதிரி புதுக் களிமண் இருந்த இடத்துல மட்டும். அப்பதான் மண்டைல ஏறுச்சு. பிளாட்டினம் சிலிகானுக்கு கந்தகம் ஆகவே ஆகாது, இறுக வைக்கிற பிளாட்டினத்தையே அது முடக்கிடும். வெயில்ல வெச்சேன், ஹேர் ட்ரையர் காட்டினேன், ம்ஹூம். பாலிஷ் அடிச்சதும் காப்பாத்தல.

கடைசில கணுக்காலுக்கு மேல நல்லா இறுகின இடம் பாத்து வெட்டினேன். கெட்டுப்போன துடுப்பு மோல்ட தனியா அறுத்து ஓரங்கட்டிட்டு, ஒழுங்கான களிமண்ல துடுப்ப மட்டும் மறுபடி செஞ்சு புது மோல்டு. வெட்டின விளிம்புல வாஸ்லின் துளி இருந்தாலும் ஒட்டாது, அதனால ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் வெச்சு நாலு தடவ தொடச்சுட்டு அதுமேலயே ஊத்தினேன். பிளாட்டினம் சிலிகான் சுத்தமா இருந்தா அதோட அதுவே நல்லா புடிச்சுக்கும். இணைப்பு தெரியாம இருக்க கணுக்கால்ல ரெண்டு குட்டித் துடுப்பு. அந்தப் பொண்ணு அதுதான் டிசைன்லயே அழகுன்னு சொல்லுச்சு, நான் வாயத் தொறக்கல.

இதுக்கு நடுவுல இன்னொரு கூத்து. நான் ஊத்தின சிலிகான் ட்ராகன் ஸ்கின் 10, கலக்கினதுலேந்து ஊத்தி முடிக்க 20 நிமிஷம் டைம் இருக்குன்னு டப்பால போட்டிருக்கும், அது 23 டிகிரிக்கு. நம்ம தகர ஷெட்டுல மதியம் 38. பத்து டிகிரி ஏறினா டைம் பாதியாயிடும், ஆக ஏழு நிமிஷத்துல பக்கெட்லயே ரப்பர் கட்டி. அப்புறம் மீன்காரங்க வெச்சிருப்பாங்களே தெர்மாகோல் பெட்டி, அதுல ஐஸ் போட்டு ரெண்டு கேனையும் மூடியத் தொறக்காம ராத்திரி பூரா வெச்சு, விடியக்காலம் அஞ்சு மணிக்கு ஊத்தினேன். கடல்கன்னி வாலுக்கு மீன் பெட்டி, பொருத்தம்தான்.

சீலிங் மாமா:
தம்பி, நான் மதுரப்பக்கம், பால்ஸ் சீலிங் வேலை. ஒரு எக்ஸிபிஷன்காரங்க இதே மாதிரி வால் மோல்டு ஒடஞ்சு போச்சுன்னு கூப்பிட்டாக. போய்ப் பாத்தா வெறும் பிஓபிய ஒரு இஞ்சு கனத்துக்கு ஊத்தி வெச்சிருக்காங்க, நார் ஒரு இழை கெடையாது. தேங்கா நார் இல்லாம நாங்க ஒரு பூ டிசைன் கூட ஊத்த மாட்டோம். துடுப்பு நுனி உள்பக்கமா வளைஞ்சு போயி மோல்டு அதக் கவ்விக்கிட்டு இருந்திருக்கு, ஸ்க்ரூட்ரைவர் வெச்சு நெம்பிட்டாய்ங்க, ரெண்டா பொளந்துருச்சு. சரி பண்றதுல ஒரே சூட்சுமம், ஒடஞ்ச வாயில தண்ணிய நல்லா குடிக்க விட்டுட்டு பொறவு புதுசு பூசணும். காஞ்ச பிஓபி மேல பூசினா அது புதுசுல இருக்க தண்ணிய உறிஞ்சி மாவா உதுந்துரும். பின்பக்கம் நாரை பிஓபில முக்கி நாலு பட்டி போட்டேன். அடுத்த மோல்ட ரெண்டு பாகத்துக்குப் பதிலா மூணா பிரிக்கச் சொல்லிட்டு வந்தேன்.

கராஜ் கன்னி:
நான் இருக்கிறது டொரோண்டோவில, உங்கட 38 டிகிரிக் கதையைக் கேக்கப் பொறாமையாக் கிடக்கு. நவம்பர் மாசம் கராஜுக்குள்ள வைச்சு ஊத்தினனான். அஞ்சு மணித்தியாலத்தில இறுகும் எண்டு போட்டிருந்தது, அடுத்த நாள் பின்னேரமும் பிசின் மாதிரித்தான். எல்லாத்தையும் வழிச்சு எறிய வெளிக்கிட்டன், இவர்தான் "கொஞ்சம் பொறும்" எண்டு சொல்லி, ரெண்டு பேருமா தூக்கேலாமல் தூக்கி ஹோலுக்குள்ள சோபாக்குப் பக்கத்தில வைச்சம். விடிய எழும்பிப் பாத்தா ஒழுங்கா இறுகியிருக்கு. குளிர் எண்டா பிந்தும், அவ்வளவுதான். கந்தகம் பட்டா மாசக்கணக்கா வைச்சிருந்தாலும் சரிவராது. எறிய முதல் அதைப் பாருங்கோ.

மற்றது, செதிலுக்கு மட்டும் சின்னதா ஒரு சிலிகான் மோல்டு செய்து, அதுக்குள்ளயே சிலிகானை ஊத்தினனான், ஒட்டாமல் இருக்க அடிக்கிற ரிலீஸ் ஸ்ப்ரேயை அடிக்க மறந்துபோனன். மோல்டும் செதிலும் ஒண்டாப் போச்சு. அதுக்கு மருந்தே இல்லை.

ஈரோட்டான்:
எனக்கு மோல்டு ரெண்டு பாகமும் சரியா உக்காரவே இல்லீங்க. குழி, மேடுன்னு சாவி வெக்காம சும்மா தட்டையா ஊத்திட்டனுங்க. மூடி, பழைய சைக்கிள் ட்யூப்புல இறுக்கிக் கட்டிப்போட்டு தூங்கப் போயிட்டேன். காத்தால பாத்தா தரையெல்லாம் சிலிகான் ஆறு, அரை வாலு வெளிய. அதுல ஒரு வேடிக்கை, தரைல கொட்டினது நல்லா இறுகிருச்சு, ட்யூப்பு பட்ட எடம் மட்டும் கொழகொழன்னே இருந்துச்சுங்க, ஏன்னு இந்தக் கந்தகக் கதை படிக்கறவரைக்கும் புரியல. இப்ப லாரிக்குக் கட்டற பெல்ட்டுதான், இணைப்பு முழுக்க வெளிய நல்ல களிமண் அப்பிடறேன். ஏனுங்கண்ணா, உள்ள வெக்கற மோனோஃபின் (ரெண்டு காலையும் சேத்து மாட்டற ஒத்தைத் துடுப்புத் தகடு) சிலிகானோட ஒட்டாம லொடலொடன்னு ஆடுது, என்ன பண்றது?

வளசரவாக்கத்தான்:
ஆமா தம்பி, ட்யூப் ரப்பர இறுக்கறதே கந்தகம் போட்டுத்தான். லேட்டக்ஸ் க்ளவுஸும் அப்டித்தான், வினைல் போடு. மோனோஃபின் பிளாஸ்டிக்ல சிலிகான் எப்பவுமே ஒட்டாது. தகடு முழுக்க ட்ரில்லால ஓட்டை போடு, காலு வெக்கற இடத்துக்குப் பக்கத்துல மட்டும் போடாத, அங்கதான் முறியும். சிலிகான் இந்தப் பக்கத்துலேந்து அந்தப் பக்கம் போயி தானே பூட்டிக்கும்.

சீலிங் மாமா:
அது சரி, அந்தக் கெட்டுப்போன துடுப்பு மோல்ட என்ன பண்ணுன?

வளசரவாக்கத்தான்:
சிமெண்ட் ஊத்தினேன் மாமா. கந்தகம் சிமெண்ட ஒண்ணும் பண்ணல, செதில் செதிலா வந்துச்சு. ஷெட் கதவு காத்துல சாத்தாம இருக்க அதத்தான் முட்டுக் குடுத்து வெச்சிருக்கேன்.