உப்புக்காத்துக்கு நிண்டுபிடிக்கிற சாமான் எது? நீங்க பட்டதச் சொல்லுங்கோ

சல்லிக்காரி:

அம்மாட பிறிஜ் போன கிழமையோட நிண்டுட்டுது. 1997ல அப்பா வேண்டினது, ஒற்றைக் கதவு, உள்ளுக்க 1ல இருந்து 7 மட்டும் போட்ட ஒரு குமிழ், அவ்வளவுதான். அம்மா அத 4ல வெச்சவா, பிறகு தொட்டதே இல்ல. சுனாமியண்டு திருமலைப் பக்கம் சல்லியில எங்கட வீட்டுக்குள்ள தண்ணி வந்து இது குப்புற விழுந்து கிடந்தது, மண்ணும் குப்பையுமா, எல்லாரும் எறியச் சொல்லிச்சினம். ரிப்பேர் செய்யிற ஒரு பாஸ் வந்து பாத்திட்டு, கொம்பிரசர் சீல் பண்ணின சாமான் உள்ளுக்க தண்ணி போகாது எண்டு சொல்லி, நல்லதண்ணி அடிச்சுக் கழுவி, மழை விட்ட பிறகு வெயில்ல காயவெச்சு, ரிலேயையும் கொஞ்ச வயரையும் மட்டும் மாத்தி ஓட்டிக் காட்டினவர். அதுக்குப் பிறகும் இருவது வருஷம் ஓடினது. இப்ப கொம்பிரசரே போட்டுது, அடித்தகடும் துருப்பிடிச்சு உதிருது, இனி இதுக்குச் செலவழிக்காதேங்கோ எண்டு அந்த பாஸ்ட மகனே சொல்லிட்டார்.

எங்கட வீட்டுக் கதை வேற. நான் இருக்கிறது உப்புவெளியில, கடல் கூப்பிடு தூரம். நாலு வருஷத்துக்கு முதல் ரெண்டு கதவு பிறிஜ் ஒண்டு வேண்டினம், கதவுக்கு வெளியில கண்ணாடி மாதிரி, தொட்டா லைட் எரியும், சேல்ஸ் பொடியன் "பத்து வருஷ வாரண்டி மிஸ்" எண்டு பத்துத் தரம் சொன்னான். பதினாலாம் மாசம் ஒரு ராத்திரி கரண்ட் போய் வந்ததோட லைட் எல்லாம் சேந்து மின்ன வெளிக்கிட்டுது, குளிர் இல்ல. போன் பண்ணினா ஆள் வர ஒம்பது நாள். அதுக்குள்ள இவர் ஆசையா வேண்டி வெச்ச அறுக்குளா மீன் முழுக்க பக்கத்து வீட்டு ஃப்ரீசருக்குக் குடியேறி, அதில பாதி அவையளே சமைச்சிட்டினம், கேக்கேலுமே. வந்தவர் சொன்னார் உள்ளுக்க இருக்கிற எலெக்ட்ரோனிக் போர்ட் பழுதாப் போட்டுதாம், பத்து வருஷம் எண்டது கொம்பிரசருக்கு மட்டுமாம், போர்டுக்கு ஒரு வருஷம்தானாம். வாரண்டிக் கார்ட எடுத்து வாசிச்சா ஓம், சின்ன எழுத்தில அப்பிடித்தான் கிடக்கு. போர்ட் விலையச் சொன்னதும் இவர் ஒண்டும் கதைக்காம வெளியில போய் நிண்டார்.

இப்ப அம்மாவுக்குப் பிறிஜ் வேணும், றைஸ் குக்கரும் வயர் வெடிச்சுக் கிடக்கு, வோஷிங் மெஷினும் வேண்டிக் குடுப்பமோ எண்டு யோசனை. அவாக்கு 74 வயசு, தனிய இருக்கிறா, கண்ணாடி போடாட்டி சின்ன பட்டன் விளங்காது. அவாட கொள்கை ஒண்டே ஒண்டு: திருகிற சாமான நம்பலாம், தடவுற சாமான நம்பேலாது. எனக்கு முந்திச் சிரிப்பு வரும், இப்ப வாறேல்ல. உங்கட வீட்டில எது நிண்டது எது போனது எண்டு எழுதுங்கோ. கடைக்காரரிட்டக் கேட்டு அலுத்துப் போச்சு.


மடத்தடித் தம்பி:

அக்கா, நாங்க மடத்தடிப் பக்கம் ரிப்பேர் கடை வெச்சிருக்கிறம், அப்பாவோட சேந்து நானும் பதினஞ்சு வருஷம். சாமான் விக்கிறதில்ல, அதால எனக்கு எதையும் புகழத் தேவையில்ல. (பழுதானா எனக்குத்தான் காசு, அது வேற கதை.)

உங்கட பிறிஜ் மாதிரி மாசம் எத்தினை பாக்கிறம். போர்ட வெளியில எடுத்தா ஈயம் வெச்ச இடமெல்லாம் பச்சை பூத்திருக்கும், அது உப்புக்காத்து செய்யிற வேலை. சிலதுக்குள்ள பல்லி கருகிக் கிடக்கும், சூட்டுக்குப் போய்ப் படுக்கிறது. கண்டி, மாத்தளைப் பக்கம் அதே மொடல் ஒரு கரைச்சலும் இல்லாம ஓடும், சாமான் கூடாது எண்டில்ல, எங்கட காத்து அப்பிடி. போர்ட் உள்ளதுதான் வேண்டுவம் எண்டா புதுசிலயே கழட்டி அதுக்கெண்டு உள்ள ஒரு வார்னிஷ் அடிச்சா நல்லது, ஆனா வாரண்டி இருக்கேக்க கையை வெச்சா அவங்கள் ஏற்கமாட்டாங்கள்.

ஒருத்தரும் சொல்லாத விசயம் ஒண்டு சொல்லுறன். பழைய பிறிஜ்ஜுக்குப் பின்னால கறுப்புக் கம்பி வலை மாதிரி ஒண்டு இருக்கும் எல்லோ, கை வெச்சாச் சுடும், அதிலதான் உள்ளுக்க இருந்து எடுத்த சூடு வெளியில போறது. அது துருப்பிடிச்சு ஓட்டை விழுந்தா ஒட்டலாம், இல்லாட்டி வலையையே மாத்தலாம். இப்ப வாற கனக்கப் பிறிஜ்ஜில அந்தக் குழாய ரெண்டு பக்கச் சுவருக்குள்ள ஃபோமோட மறைச்சு விட்டிருக்கிறாங்கள், பாக்க வடிவுதான், பக்கம் சுடுது எண்டு பயந்து எனக்குப் போன் எடுக்கிற ஆக்களும் இருக்கினம் (அது பழுதில்ல, அப்பிடித்தான் சுடும்). ஆனா உள்ளுக்க லீக் வந்தா சுவரக் கிழிக்கேலாது, காஸ் அடிக்க அடிக்கப் போகும், ரெண்டு மூண்டு தரம் அடிச்சிட்டு ஆக்கள் எறிவினம். அதால கடையில பிறிஜ்ஜத் திருப்பிப் பின்பக்கத்தப் பாருங்கோ அக்கா, முன்பக்கத்த அவங்களே காட்டுவாங்கள். அம்மாவுக்கு ஒற்றைக் கதவு, உள்ளுக்க குமிழ், பின்னால வலை, அப்பிடிக் கிடைச்சா விடாதேங்கோ. கிழமைக்கு ஒருக்கா ஐஸ் கரைக்கோணும், அது ஒண்டுதான் கரைச்சல்.

எதை வேண்டினாலும் பிறிஜ் கார்ட் (பிளக்கோட போடுற காவல் பெட்டி) போடுங்கோ. கரண்ட் போய் உடன வந்தா கொம்பிரசர் அழுத்தத்தோட திரும்ப எழும்பப் பாத்து முக்கும், கார்ட் மூண்டு நிமிசம் பிடிச்சு வெச்சுத்தான் விடும். 2022ல ஒரு நாளைக்குப் பதின்மூண்டு மணித்தியாலம் கரண்ட் வெட்டின காலத்தில எங்கட கடைக்குள்ள நிக்க இடமில்ல, ஒண்டுக்குமே கார்ட் இல்ல.

வோஷிங் மெஷின் எண்டோடன ஞாபகம் வருது. அன்புவழிபுரத்தில ஒரு அம்மா, ஃபுல் ஓட்டோ, தண்ணி எடுக்காம கத்திக்கொண்டே இருக்காம், கொம்பனியால வந்த ஆள் போர்ட் மாத்தச் சொல்லி எழுதிக் குடுத்திட்டுப் போட்டார். நான் போய் முதல் வேலையா பின்னால தண்ணிக் குழாயக் கழட்டினன், வாயில இருக்கிற சின்ன வலை முழுக்க மண், பழைய பல்லுத் துலக்கிற பிரஷ்ஷால தேச்சுப் போட்டன், ஓடிச்சுது. அதோட அவாட டாங்க் கூரை மட்டத்தில, தண்ணி வேகம் காணாது, பைப்பில தண்ணி குறைஞ்ச நாளில திரும்பவும் கத்தும். ட்வின் டப்புக்கு (தோய்க்க ஒரு தொட்டி, பிழிய ஒரு தொட்டி உள்ளது) அந்தக் கதையே இல்ல, வாளியால ஊத்தினாலும் உடுப்புத் தோய்க்கும், முறுக்கிற டைமர், ஒரு பெல்ட், ரெண்டு கப்பாசிட்டர், எல்லாம் திருமலையிலயே எடுக்கலாம்.


கிண்ணியா ராத்தா:

அஸ்ஸலாமு அலைக்கும். தம்பி சொன்ன கதைக்கு மேல எங்கட வீட்டுக் கதை ஒண்டு இரிக்கி. மச்சான் சவூதியில இருந்து வரக்குள்ள ஜூஸ் அடிக்கிற மெஷின் ஒண்டு கொண்டு வந்தாரு, நோம்பு நேரம், புள்ளயளுக்குச் சந்தோசம். பிளக்க மாத்தி நானே போட்டேன், போட்ட ஒடன ஏரோப்பிளேன் மாதிரி ஒரு சத்தம், அடுத்த நிமிசம் பொகை. உம்மா கத்திட்டு ஓடி மெயின் சுவிட்ச ஓஃப் பண்ணிட்டா. பொறகு கவுத்துப் பாத்தா அடியில 110 - 127 வோல்ட் எண்டு எழுதிக் கெடக்கு. நம்மட கரண்ட் 230 எல்லா. வெளிநாட்டுச் சாமான் எண்டா கல்லு மாதிரி எண்டு நெனச்சிட்டம், அடியப் பாக்கல்ல.

அதே மச்சான் வேறொரு தரம் கொண்டு வந்த ஃபேன் 220 வோல்ட்தான், அது ஓடிச்சி, ஆனா மெதுவா, ரெண்டு மணித்தியாலத்தில மோட்டர் தொட ஏலாத சூடு. பாஸ் சொன்னாரு அங்க 60 ஹேர்ட்ஸ் இங்க 50, மோட்டர் ஒத்துக்காது எண்டு. கத்தார்ல இருந்து காக்கா அனுப்பின கிரைண்டர் ஒண்டும் செய்யல்ல, எட்டு வருசமா அரைக்கிது. இப்ப யாரு என்ன கொண்டு வந்தாலும் மொதல்ல கவுத்துத்தான் பாக்கிற, சலாம் கூடப் பொறகுதான்.


நிலாவெளி ரோட்:

றைஸ் குக்கருக்கு நான் கை தூக்கிறன். எங்கட வீட்டில நேஷனல் எண்டு பேர் போட்டது, அந்தப் பேர் பனசொனிக் ஆக முதல் வந்தது, வயர் மட்டும் ரெண்டு தரம் மாத்தினம். அதுக்குள்ள மூளை ஒண்டும் இல்ல, ஒரு காந்தம் மட்டும். தண்ணி இருக்கும்வரை சட்டி நூறு டிகிரிக்கு மேல ஏறாது, தண்ணி வத்தினோடன சூடு ஏறும், காந்தம் பிடியை விடும், டக்கெண்டு மேல வரும். மருமகள் போன வருஷம் பன்னிரெண்டு பட்டன் வெச்சது ஒண்டு வேண்டினவா, கேக் கூட அவிக்கலாமாம், எங்கட வீட்டில அது சம்பா அரிசியக் கஞ்சியாக்கிறதத் தவிர வேற ஒண்டும் செய்யேல்ல.


பாலையூற்று மாஸ்டர்:

எல்லாரும் பழசுக்குக் கோயில் கட்டப் போறியள் போல கிடக்கு, கொஞ்சம் பொறுங்கோ. கரண்ட் பில் ஆர் கட்டுறது? 2022 ஆகஸ்டில 75 வீதம் கூட்டினவை, 2023 பெப்ரவரியில திரும்ப 66 வீதம், பிறகு குறைச்சும் கூட்டியும் விளையாட்டு. 60 யுனிட்டத் தாண்டினா முதல் யுனிட்டில இருந்தே கணக்கு வேற. பென்சன்காரனுக்கு அந்தக் கோடு லட்சுமணன் கோடு.

என்ர வீட்டிலயும் 90களில வேண்டின பிறிஜ் ஒண்டு கிடந்தது, சாகாது எண்டு பெருமையா வெச்சிருந்தன். ஒரு நாள் வீட்டுக்காரியும் பிள்ளையளும் தம்பலகாமம் கோயிலுக்குப் போய் நிண்ட நேரம், மற்ற எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டு பிறிஜ்ஜ மட்டும் விட்டு மீட்டரக் குறிச்சன், அடுத்த நாள் அதே நேரம் திரும்பப் பாத்தன், 2.6 யுனிட்! கதவு ரப்பர் வெடிச்சு ஒரு கடுதாசி வெச்சா வழுகி விழுது, இரவு பகல் நிக்காம ஓடியிருக்கு. கொம்பிரசர் வேகத்தக் கூட்டிக் குறைச்சு ஓடுற இன்வெர்ட்டர் பிறிஜ் ஒண்டு புதுசா வேண்டி அதே மாதிரிக் குறிச்சன், 0.8. ஒரு நாளைக்கு 1.8, மாசத்துக்கு 54 யுனிட். போர்ட் போனா போகட்டும், இந்த மிச்சக் காசில எடுப்பன் எண்டு இருக்கிறன், மூண்டு வருஷமாச்சு இன்னும் போகேல்ல. (நான் கடலுக்குக் கிட்ட இல்ல, அதையும் சொல்லோணும்.)

ஃபானும் அப்பிடித்தான். சாதாரண சீலிங் ஃபான் 75 வோட்ஸ், குறைஞ்ச கரண்டில ஓடுற மோட்டர் வெச்ச இந்த பிஎல்டிசி ஃபான் எண்டுறது 30 சொச்சம். சித்திரை வெக்கையில ஒரு நாளைக்குப் பதினஞ்சு மணித்தியாலம் ஓடினா மாசத்துக்கு ஒரு ஃபானில இருவது யுனிட் மிச்சம், கணக்குப் போட்டுப் பாருங்கோ. ஆனா ரிமோட்டத் துலைச்சா சுவிட்ச போட்டுப் போட்டுத்தான் வேகம் மாத்தோணும், பேரன் ரிமோட்ட ஏற்கனவே ஒருக்கா மீன் தொட்டிக்குள்ள விட்டவன்.

மற்றது ட்வின் டப். ஈரப் போர்வைய ஒரு தொட்டியில இருந்து மற்றதுக்குத் தூக்கிப் போடுறது நீங்க நினைக்கிற மாதிரி லேசில்ல. 74 வயசு ஆளுக்கு, முதுகு நோவும் இருந்தா, அது மெஷின் இல்ல தண்டனை. தம்பிக்குத் திருத்த லேசு எண்டதுக்காக அம்மா முறியேலாது.


மடத்தடித் தம்பி:

மாஸ்டர் சொல்லுறது சரி, எதிர்க்கேல்ல. கடுதாசி வெச்சுப் பாக்கிறது நல்ல சோதனை, ரப்பர் மட்டும் மாத்தியிருந்தாலே பாதி குறைஞ்சிருக்கும் எண்டு நினைக்கிறன். ஃபான் மெதுவாச் சுத்தினா எறியாதேங்கோ ஆக்களே, பத்தில ஏழு தரம் கப்பாசிட்டர்தான், ஒரு கொத்துரொட்டிக் காசு கூட வராது.


உவர்மலை:

காஸ் அடுப்ப மறந்திட்டியள். 2021 கடைசியில ஊரெல்லாம் காஸ் வெடிச்ச நேரம் பக்கத்து வீட்டில கண்ணாடி மேல்தட்டு அடுப்புச் சிதறினது, ஆக்களுக்கு ஒண்டும் நடக்கேல்ல, ஆனா கண்ணாடி சாமியறை மட்டும் போய் விழுந்து கிடந்தது. அதோட நான் தகட்டு அடுப்புக்கு வந்திட்டன், பித்தளை பேர்னர், பத்த வைக்க லைட்டர். இரும்பு பேர்னர் எங்கட காத்துக்கு ரெண்டு வருஷத்தில உதிரும், தூக்கிப் பாத்து வேண்டுங்கோ.


சல்லிக்காரி:

எழுதின எல்லாருக்கும் நன்றி, ராத்தாட கதையை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்ட அவா இருமி இருமிச் சிரிச்சா. நேற்று அவாவையும் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போனம், அஞ்சு கடை. தம்பி சொன்ன மாதிரி இவர் ஒவ்வொரு பிறிஜ்ஜையும் இழுத்துத் திருப்பிப் பின்பக்கம் பாக்க, சேல்ஸ் பொடியங்கள் இவர் ஏதோ கொம்பனியால செக் பண்ண வந்த ஆள் எண்டு பயந்திட்டாங்கள். நாலாங் கடையில ஒரு மூலையில ஒற்றைக் கதவு, பின்னால வலை, உள்ளுக்க குமிழ். அம்மா குமிழ ரெண்டு பக்கமும் திருகி டக் டக் சத்தத்தக் காதால கேட்டிட்டுத்தான் தலையாட்டினவா. வாரண்டிக் கார்ட நான் கடையிலயே நிண்டு முழுக்க வாசிச்சன், பின்னால நிண்டவர் ரெண்டு தரம் செருமினார், விடேல்ல. றைஸ் குக்கர் ஒற்றை சுவிட்ச். வோஷிங் மெஷின் இப்ப இல்ல, மாஸ்டர் சொன்னதக் கேட்டு யோசிச்சம், போர்வை, பெட்ஷீட்ட சனிக்கிழமையில நான் என்ர வீட்ட கொண்டுவந்து தோய்க்கிறன், மற்றதெல்லாம் அவா கையாலதான் தோய்ப்பாவாம்.

பழைய பிறிஜ்ஜ எடுக்க இரும்புக்காரர் வந்தவர், அம்மா குடுக்கமாட்டன் எண்டுட்டா. அதுக்குள்ள அரிசியும் பயறும் போட்டு வெச்சிருக்கிறா, எலி போகாதாம், வண்டும் வராதாம்.

மடத்தடித் தம்பி, பிறிஜ் கார்ட் ஒண்டு எடுத்து வையுங்கோ, இவர் புதன்கிழமை வேலையால வரேக்க எடுப்பார். அதோட புதுசிட அடித்தகடும் துருப்பிடிக்காம இருக்க என்ன பூசலாம் எண்டும் சொல்லிவிடுங்கோ, அம்மா தேங்காயெண்ணெய் பூசுவம் எண்டு போத்திலோட நிக்கிறா.