பூங்காக் குத்தகையில் விலைக்கும் தரத்திற்கும் எத்தனை மதிப்பெண்?

கேள்வி (பூங்காப் பிரிவு அலுவலர், பினாங்கு)
வணக்கம். எங்கள் உள்ளாட்சி மன்றம் சாலையோர மரம் நடுதலையும் அதன் பராமரிப்பையும் ஒரே குத்தகையாக விட இருக்கிறது. இதுவரை தகுதி பெற்றவர்களுள் குறைந்த விலை கேட்டவருக்கே வேலை போனது. இம்முறை விலைக்கு 60, தரத்திற்கு 40 என்று பிரிக்கக் குழு எண்ணுகிறது. இது போதுமா? தரத்தின் பங்கை உயர்த்தினால் கணக்காய்வில் சிக்கல் வருமா?

மறுமொழி 1 (ஓய்வு பெற்ற குவாண்டிட்டி சர்வேயர், அதாவது கட்டுமான அளவையும் செலவையும் கணிப்பவர்)
ஐயா, விகிதத்தைவிடப் புள்ளிகள் எவ்வளவு விரிந்து விழுகின்றன என்பதே முடிவைத் தீர்மானிக்கும். ஒருவர் 180,000 ரிங்கிட்டும் மற்றவர் 240,000 ரிங்கிட்டும் கேட்டதாக வைத்துக்கொள்வோம். மிகக் குறைந்த விலையை அவரவர் விலையால் வகுத்து 60ஆல் பெருக்கினால் முதலாமவருக்கு 60, அடுத்தவருக்கு 45. அந்த 15 புள்ளியை அவர் தரத்தில் மீட்க வேண்டும். ஆனால் மதிப்பீட்டாளர்கள் யார் மனமும் நோகாமல் எல்லாருக்கும் 28க்கும் 33க்கும் இடையில் போட்டால், தாளில் 40 என்று இருந்தாலும் உண்மையில் வேலை செய்வது 5 புள்ளிதான்! எந்தச் சான்றுக்கு எத்தனை புள்ளி என்பதைக் குத்தகை ஆவணத்திலேயே அறிவித்து, தரத்தை மதிப்பிடும் குழு விலையைப் பார்க்காதபடி விலையை ஓர் உறையிலும் தரச் சான்றுகளை மற்றோர் உறையிலும் பெறுங்கள். கணக்காய்வாளருக்குக் காட்டவும் அதுவே போதும்.

மறுமொழி 2 (நாற்றங்கால் நடத்துபவர், பட்டர்வொர்த்)
எல்லாவற்றையும் புள்ளிக்குள் திணிக்க வேண்டாம். தண்டின் சுற்றளவும் வேர்மண் கட்டியின் அளவும் கட்டாய நிபந்தனைகளாக இருக்கட்டும். வேர் சுருண்ட கன்றைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். எங்கள் தொழிலில் விலையைக் குறைப்பவர் பெரும்பாலும் மிச்சம் பிடிப்பது தண்ணீரில்தான். பினாங்கில் ஜனவரியும் பிப்ரவரியும் வறண்ட மாதங்கள். டிசம்பரில் நட்ட கன்றுக்குத் தண்ணீர் லாரி வராவிட்டால் அது தேறாது. ஆகவே நடுதலுக்கு ஒரு விலை, மாதப் பராமரிப்புக்கு ஒரு விலை எனத் தனித்தனியே கேளுங்கள். நம்பமுடியாத தொகை எங்கே ஒளிந்திருக்கிறது என்பது அப்போது தெரிந்துவிடும்.

மறுமொழி 3 (சிறு குத்தகையாளர், ஜி1 என்னும் மிகக் கீழ்நிலைக் குத்தகையாளர் பதிவு)
தரம் என்ற பெயரில் நிறுவனத்தின் வருமானத்திற்கும் பழைய பெரிய வேலைகளுக்கும் புள்ளி கொடுத்தால் எங்களைப் போன்றோர் வாசலிலேயே நின்றுவிடுவோம். களத்தில் நிற்கப்போகும் மேற்பார்வையாளரின் தகுதிக்கும் நீர் பாய்ச்சும் திட்டத்திற்கும் கொடுங்கள்.

கேள்வி கேட்டவர்
மூவருக்கும் நன்றி. 40ஐ அப்படியே வைத்து, புள்ளி அளவுகோலை எழுதித் தருமாறு குழுவிடம் கேட்கப்போகிறேன். பட்டுப்போன கன்றை மாற்றும் விதியை எப்படி அமைப்பது?

மறுமொழி 2 (நாற்றங்கால் நடத்துபவர்)
மாற்றுக் கன்றுக்கு, அது நடப்பட்ட நாளிலிருந்து பராமரிப்புக் காலம் புதிதாகத் தொடங்க வேண்டும். இல்லையேல் கடைசி மாதத்தில் நட்டுவிட்டுப் வேலை முடியும்வரை மன்றம் பிடித்துவைத்த பணத்தையும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.