மறுமொழி: டோனி வோல்ஃபின் நான்காம் பெண்ணுக்குத் தமிழில் என்ன பெயர்?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். பெண் உள்ளத்தின் நான்கு வடிவங்கள் பற்றி சுவிஸ் உளப்பகுப்பாய்வாளர் டோனி வோல்ஃப் எழுதிய கட்டுரையைத் தமிழாக்குகையில், நான்காம் வடிவமான 'மீடியால்' பெண்ணுக்கு (பிறர் சொல்லாததைத் தன் வழியே வெளிக்கொணர்பவள்) பெயர் தேடி வருகிறோம். நேற்றைய மடலில் ஐயா கேட்டிருந்தார்:

> 'ஊடகப் பெண்' வேண்டாமென்றால் 'ஊடுபெண்' என்று வைத்துக்கொள்ளலாமே? சுருக்கமாகவும் இருக்கிறது.

சுருக்கம்தான், ஐயா. ஆனால் மொழிபெயர்ப்பின் முதல் பக்கத்தை வீட்டில் வாசித்துக் காட்டியபோது, "யாரோடு ஊடல்?" என்றுதான் அம்மா கேட்டார். வினைத்தொகையாகவே காதில் விழுகிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தலைவி கண்முன் வந்துவிடுகிறாள். 'ஊடகப் பெண்' என்றாலோ ஒலிவாங்கியும் கையுமாக நிற்கும் செய்தியாளர். இருவருமே வோல்ஃப் சொன்னவள் இல்லை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. பெண் உள்ளத்தின் அமைப்பு வடிவங்கள் பற்றி டோனி வோல்ஃப் ஜெர்மனில் எழுதிய கட்டுரை 1951-ல் வெளிவந்தது. சில பக்கங்களே கொண்டது. அதில் நான்கு வடிவங்களைச் சொல்கிறார்: தாய், ஹெடைரா (பண்டைக் கிரேக்கத்தில் ஆண்களுக்குத் தோழமையாக இருந்தவள்), அமேசான் (கிரேக்கத் தொன்மத்துப் போர்ப்பெண்), 'மீடியால்' பெண். தாய்க்கு எதிர்முனை ஹெடைரா. அமேசானுக்கு எதிர்முனை நான்காமவள். முதல் இருவரும் மனிதர்களோடு கொள்ளும் உறவால் வாழ்கிறவர்கள். மற்ற இருவரின் வாழ்வு தனிமனித உறவைக் கடந்த ஒன்றைப் பற்றி நிற்பது. சுற்றியிருப்போர் பேசாமல் அடக்கி வைத்தது, கூட்டு நனவிலியிலிருந்து (எல்லா மனிதர்க்கும் பொதுவான, நாம் அறியாத உள்ளத்து அடுக்கு) எழுவது எல்லாம் முதலில் வந்து படிவது நான்காமவள் மேல்தான். எது தன்னுடையது, எது பிறருடையது என்று பிரித்தறிய முடிந்தால் அதற்கு அவள் வாயாக இருப்பாள். முடியாவிட்டால் முதல் பலியும் அவளே.

இதை அவர் ஏட்டறிவால் மட்டும் எழுதவில்லை என்றே நினைக்கிறேன். 1888-ல் சூரிச்சில் வசதியான குடும்பத்தில் மூத்த மகளாகப் பிறந்தவர். 1909 இறுதியில் அப்பா இறந்தார். மகள் துயரத்திலிருந்து மீளாததைக் கண்ட அம்மா, 1910-ல் உளவியலாளர் கார்ல் யுங்கிடம் சிகிச்சைக்கு அழைத்துப் போனார். மறு ஆண்டே வைமாரில் நடந்த உளப்பகுப்பாய்வு மாநாட்டில் அவரும் இருந்தார். 1913-க்குப் பின் யுங் தன் உள்ளத்துப் படிமங்களோடு போராடிய ஆண்டுகளில், அவற்றைக் கேட்டுப் பக்கத்தில் நின்றவர் இவர். பட்டம் கிடையாது. ஆனாலும் 1928 முதல் 1945 வரை சூரிச் உளவியல் மன்றத்தின் தலைவர். 1953 மார்ச்சில் இறந்தார். 1962-ல் வெளிவந்த யுங்கின் தன்வரலாற்றுக் கதையில் அவருக்கு இடமில்லை. வோல்ஃப் கையாண்ட சொல்லையாவது தமிழில் நாம் அரைகுறையாகக் கொண்டுவரக் கூடாது என்பதே இத்தனை மடல்களுக்குக் காரணம்.

அடுத்து அக்காவின் மடல்:

> எங்கள் பக்கம் சாமி வந்து ஆடுகிறவரை 'மருளாளி' என்போம். உயிருள்ள சொல். அதையே எடுத்துக்கொள்ளலாம்.

எனக்கும் பிடித்த சொல்தான் அக்கா. இரண்டு நாள் வரைவில் அதையே வைத்திருந்தேன். மூன்றாம் பத்தியில் சிக்கிக்கொண்டது. மருள் என்றால் மயக்கமும்தானே. வோல்ஃப் அவளுக்கு இரண்டு வழிகளைத் திறந்து வைத்திருக்க, 'மருளாளி' பெயரிலேயே ஒன்றை அடைத்துவிடுகிறது. வடிவத்தின் பெயராக வேண்டாம். அவள் நிலைகளைச் சொல்ல மருள், தெருள் (தெளிவு) இணையை வைத்துக்கொள்வோம். பிரித்தறியாதபோது மருள், பிரித்தறிந்தபோது தெருள். கட்டுரையின் அந்தப் பகுதி இதனால் சட்டென்று தெளிவாகிவிட்டது. அக்காவுக்கு நன்றி.

என் பரிந்துரை: அகவன்மகள்.

குறுந்தொகை 23-ஐ நினைத்துப் பாருங்கள். தலைவியின் மெலிவுக்குக் காரணம் தேடிக் கட்டு (குறி) பார்க்கிறார்கள். குறி சொல்லும் கட்டுவிச்சி வழக்கம்போல் மலைகளைப் பாடிக்கொண்டு போகிறாள். அவளைத்தான் பாட்டு 'அகவன் மகளே' என்று அழைக்கிறது. நடுவில் ஒரு குன்றம் வந்ததும் தோழி பிடித்துக்கொள்கிறாள்: "இன்னும் பாடுக பாட்டே, அவர் நன்னெடுங் குன்றம் பாடிய பாட்டே." அந்த 'அவர்' என்ற ஒரு சொல்லில் தலைவியின் களவுக் காதல் வெளியாகிறது. வீட்டில் யாரும் வாய் திறக்காத ஒன்று, அதை அறியாத ஒருத்தியின் பாட்டில் ஏறி வந்துவிட்டது. வோல்ஃப் ஜெர்மனில் சொல்ல முயன்றதும் இதைத்தானே? சொல்லுக்குள் 'அகம்' ஒலிப்பது சொற்பிறப்பால் வந்ததன்று, அகவுதல் என்றால் அழைத்தல், பாடுதல். ஆனாலும் அந்த ஒலி இங்கே கெடுதல் செய்யாது.

அது ஒரு தொழிலின் பெயராயிற்றே, உளவியல் வகைக்குப் பொருந்துமா என்று கேட்பீர்கள். ஹெடைரா கிரேக்க நகரத்தில் வாழ்ந்தவள். அமேசான் தொன்மத்துப் போர்மகள். வோல்ஃபே உருவங்களைத்தான் பெயராக எடுத்தார். நான்காமவளுக்கு மட்டும் அவர் வெறும் பெயரடையோடு நின்றார் என்பது உண்மை. நான் ஓர் உருவத்தைச் சேர்க்கிறேன். இந்த ஒரு மீறலைக் குழுமம் ஒப்புமா என்பதே என் கேள்வி. ஒப்பாவிட்டால் 'அகவுநிலைப் பெண்' என்று பெயரடையாகவே வைக்கலாம். நடை கொஞ்சம் கனக்கும், பிழையில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாக. அமேசானை ஒலிபெயர்த்தால் எல்லோருக்கும் இணையக் கடைதான் நினைவுக்கு வரும், ஆகவே 'போர்மகள்'. ஹெடைராவுக்குப் 'பரத்தை' கூடவே கூடாது; வோல்ஃப் சொல்வது ஆணின் உள்வாழ்வுக்குத் துணைநிற்கும் தோழமையை. 'துணைவி' மனைவியைக் குறித்துவிடும். 'தோழி' என்றால் குறுந்தொகைக்காரி குறுக்கே வருகிறாள். இதற்கு என்னிடம் சொல் இல்லை. உங்களிடம் இருந்தால் எழுதுங்கள். வரைவில் அந்த இடத்தைக் கோடிட்டு விட்டிருக்கிறேன்.

அன்புடன்.