புதுப்பிப்பு: முழங்கால் வலியும் ஒகேனக்கல் ஏற்றமும்

தர்மபுரியில் இருந்தே ஒலிம்பிக் தூர டிரையத்லானுக்கு (1.5 கி.மீ. நீச்சல், 40 சைக்கிள், 10 ஓட்டம்) தயாராகிறேன், ஏற்றத்தில் முழங்கால் முன்பக்கம் வலிக்கிறது என்று முன்பு கேட்டிருந்தேனே? சீட்டை உயர்த்தச் சொன்னவர்களுக்கு நன்றி, வலி போயே போச்சு. பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடிந்திருந்தால் போதும்.

பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல்வரை காட்டுக்குள் இறங்குவது குஷிதான். திரும்பும்போது வட்டியோடு கட்ட வேண்டும். இப்போது ஏற்றத்தில் லேசான கியர் போட்டு வேகமாக மிதிக்கிறேன். அப்புறம், வாழைப்பழத்தை வெளியே தெரியும்படி வைக்காதீர்கள், குரங்குகள் விடாது.

சைக்கிளை விட்டு இறங்கியதும் ஓடிப் பழகுகிறேன். முதல் கிலோமீட்டர் கால் நம் பேச்சைக் கேட்பதில்லை.

காவிரியில் நீந்தலாமா என்று கேட்ட தம்பிக்கு: வேண்டவே வேண்டாம், சுழல் இருக்கிறது. எனக்கு மாமா தோட்டத்துக் கிணறுதான்.