44 வயதில் முழு மேரத்தான்: மெதுவாக ஓடுபவர்களுக்கு அங்கே இடம் உண்டா?

கேள்வி: செம்மண் சாலை

அன்பர்களுக்கு வணக்கம். மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பத்தாங் பெர்ஜுந்தை என்ற பழைய பெயரால் இன்னும் பலர் அழைக்கும் பெஸ்தாரி ஜெயாவில் வசிக்கிறேன். வயது 44. பள்ளிச் சிற்றுண்டிச்சாலை ஒன்றில் சமைக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இரத்தத்தில் சர்க்கரை கூடியிருக்கிறது என்று மருத்துவர் நடக்கச் சொன்னார். தாமானை (குடியிருப்புப் பகுதியை)ச் சுற்றி நடக்கத் தொடங்கியவள், எப்போது ஓடத் தொடங்கினேன் என்றே நினைவில்லை. இப்போது ஞாயிறுதோறும் செம்பனைத் தோட்டத்துச் சாலையில் 12 கிலோமீட்டர் ஓடுகிறேன். விடிவதற்கு முன் இருட்டாக இருப்பதால், கணவர் மோட்டாரில் பின்னால் விளக்கைக் காட்டிக்கொண்டு வருவார். விளக்கு வெளிச்சத்தில் என் நிழல் எனக்கு முன்னே நீளமாக ஓடும். அதைப் பிடிப்பதுபோல் நானும் ஓடுவேன்.

அடுத்த ஆண்டு பினாங்குப் பாலத்து மேரத்தானில் முழுத் தொலைவையும் ஓட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ஒரு கிலோமீட்டருக்கு எட்டரை நிமிடம் எடுக்கிறேன். இந்த வேகத்தில் 42.195 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரம் ஆகும். அவ்வளவு மெதுவாக வருபவர்களை அங்கே மதிப்பார்களா? 12 கிலோமீட்டரிலிருந்து 42-க்குப் போக எத்தனை மாதம் வேண்டும்? தோட்டத்துக்குள் ஓடுவதில் நான் கவனிக்க வேண்டியது என்ன? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி: கப்பார் ஓட்டக்காரன்

சகோதரி, ஆறு மணி நேரத்தில் முடிப்பவர்கள் ஒவ்வொரு பெரிய மேரத்தானிலும் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். பெரும்பாலான பெரிய போட்டிகளில் கால வரம்பு ஆறரை, ஏழு மணி நேரம் என்று இருக்கும். பதிவு செய்யும் முன் அந்த ஆண்டின் வரம்பையும், இடையிலுள்ள சோதனை இடங்களை எத்தனை மணிக்குள் கடக்க வேண்டும் என்பதையும் படித்துக்கொள்ளுங்கள்.

என் முதல் மேரத்தானில் அதைப் படித்திருந்தும் நான் தவறினேன். வரம்பைப் பற்றிய பயத்தில் முதல் பாதியை என் பயிற்சி வேகத்தைவிட விரைவாக ஓடினேன். 33-ஆவது கிலோமீட்டரில் இரண்டு கெண்டைக்காலும் இழுத்துக்கொண்டன. சாலையோரக் கல்லில் உட்கார்ந்தவனால் எழ முடியவில்லை. பின்தங்கியவர்களை ஏற்றிவரும் பேருந்தில்தான் திரும்பினேன். உடலில் சேமிப்பாக உள்ள மாவுச்சத்து பலருக்கும் ஏறக்குறைய 30 கிலோமீட்டரில் தீர்ந்துபோகிறது. வேகமாக ஓடினால் அது இன்னும் சீக்கிரம் தீரும். அதன்பின் மன உறுதி எவ்வளவு இருந்தாலும் கால் நகராது. ஆகவே பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில்தான் நீண்ட ஓட்டம் ஓட வேண்டும். வாழைப்பழமோ பேரீச்சம்பழமோ வழியில் சாப்பிட்டுப் பயிற்சியிலேயே வயிற்றைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்கு ஏழு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு ஓட்டத்தை வாரத்துக்கு ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர் கூட்டி, நான்காவது வாரம் குறைத்து, மறுபடியும் கூட்டி 30 வரை போங்கள். இடையில் ஓர் அரை மேரத்தான் ஓடிப் பாருங்கள். போட்டிக்கு மூன்று வாரம் முன்பிருந்து தொலைவைக் குறைத்துக் கால்களுக்கு ஓய்வு கொடுங்கள். நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று முதல் கிலோமீட்டரிலிருந்தே கலந்து ஓடலாம். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் கேலோவே பல்லாண்டுகளாகச் சாதாரண மக்களுக்குக் கற்றுத்தந்த முறை இது. களைத்த பிறகு நடப்பது வேறு, களைக்காமலிருக்க நடப்பது வேறு. நான் அடுத்த ஆண்டு இப்படித்தான் முடித்தேன்.

மறுமொழி: வெள்ளைச் சீருடை

நான் தாதியாகப் பணிபுரிகிறேன். மூன்று செய்திகளை மட்டும் சொல்ல வேண்டும்.

நம் நாட்டில் விடியற்காலைக் காற்றில் ஈரப்பதம் மிக அதிகம். வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். நமக்கோ அது சொட்டிக்கொண்டே இருக்கும், உடற்சூடு இறங்காது. ஓடும்போது பேச்சு குழறினாலோ, திசை புரியாமல் போனாலோ, உடனே நிறுத்தித் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்க வேண்டும். இதை உங்கள் கணவருக்கும் சொல்லி வையுங்கள், ஏனென்றால் அந்த நிலையில் இருப்பவருக்குத் தன் நிலை தெரியாது.

தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து. ஐந்து, ஆறு மணி நேரம் வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கமும் வலிப்பும் வரலாம். மெதுவாக ஓடுபவர்களுக்கே இது அதிகம் நேர்கிறது. குடிக்க அவர்களுக்கு நேரம் இருக்கிறது. தாகத்துக்கு ஏற்பக் குடியுங்கள், இடையில் உப்புச் சேர்ந்த பானம் எடுத்துக்கொள்ளுங்கள். நீண்ட ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். எடை கூடியிருந்தால் அதிகம் குடித்துவிட்டீர்கள் என்று பொருள்.

கால் வலிக்கும் என்று முன்கூட்டியே ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். உடலில் நீர் வற்றிய நேரத்தில் அது சிறுநீரகத்தைத் தாக்கும். சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சர்க்கரைக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று எழுதினால் மேலும் சொல்கிறேன்.

மறுமொழி: பழைய மண்டோர்

அம்மா, தோட்டத்தில் முப்பது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். முதலில் காவலாளியிடம் சொல்லிவிட்டு உள்ளே போங்கள். எந்தப் பக்கம் குலை வெட்டுகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பக்கம் லாரி வரும், வளைவில் ஆளைப் பார்க்காமல் திரும்பும். வெட்டிப் போட்ட மட்டையின் அடியில் உள்ள முள் சப்பாத்தையும் துளைக்கும், ஆகையால் வரிசைக்குள் இறங்காமல் சாலையின் நடுவிலேயே ஓடுங்கள். குட்டியோடு பன்றி நின்றால் திரும்பிவிடுங்கள். லயத்து (தொழிலாளர் வீட்டு வரிசை) நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி நடந்தாலே போதும், பெரும்பாலும் அதுவும் நின்றுவிடும்.

மெதுவாக ஓடுகிறோமே என்று கேட்டிருக்கிறீர்கள். 1983-இல் ஆஸ்திரேலியாவில் சிட்னியிலிருந்து மெல்பர்ன் வரை 875 கிலோமீட்டர் ஓட்டப் போட்டி நடந்தது. கிளிஃப் யங் என்ற 61 வயது உருளைக்கிழங்கு விவசாயி அதில் கலந்துகொண்டார். ரப்பர் பூட்சோடு ஆடுகளை ஓட்டிப் பழகிய கால்கள் அவருடையவை. பாதத்தை அதிகம் தூக்காமல், தரையைத் தேய்த்தாற்போல் ஓடினார். பயிற்சி பெற்ற இளைஞர்கள் தொடக்கத்தில் அவரை வெகுதூரம் பின்னால் விட்டுவிட்டார்கள். இரவில் அவர்கள் உறங்கியபோது அவர் ஓடிக்கொண்டிருந்தார். 5 நாள் 15 மணி 4 நிமிடத்தில் முதலாவதாக வந்து சேர்ந்தார். அந்தக் கதையைப் படித்தபோது எனக்கு நம் பெண்கள்தான் கண்ணில் நின்றார்கள். விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) வந்து, வெளிக்காட்டில் ரப்பர் மரம் மரமாக நடந்து பால் வெட்டி, நிறைந்த வாளிகளைக் காண்டாவில் (தோளில் சுமக்கும் கழியில்) தொங்கவிட்டு ஸ்டோருக்குச் சுமந்து வருவார்கள். வாளியில் பால் அலம்பாமலிருக்க அவர்களும் பாதத்தைத் தூக்காமல்தான் நடப்பார்கள். உங்கள் தாயாரோ பாட்டியோ பால் வெட்டியிருந்தால் கேட்டுப் பாருங்கள்.

செம்மண் சாலை

எல்லோருக்கும் நன்றி. என் அம்மா 22 ஆண்டுகள் பால் வெட்டியவர், ஐயா. நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினேன். எழுந்து நின்று கூடத்தில் அந்த நடையை நடந்து காட்டினார். வரும் ஞாயிறு நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் 13 கிலோமீட்டர் ஓடப்போகிறேன். தாதி அவர்களுக்கு: மெட்ஃபார்மின் மட்டுமே சாப்பிடுகிறேன், காலையும் இரவும்.

வெள்ளைச் சீருடை

அது மட்டும் என்றால் ஓட்டத்தின் நடுவே சர்க்கரை சட்டென்று இறங்குவது அரிது. இன்சுலினோ கிளைக்கிலசைடு போன்ற மாத்திரையோ பின்னர் சேர்த்தால் நிலைமை மாறிவிடும், அப்போது மருத்துவரைக் கேட்காமல் நீண்ட ஓட்டம் வேண்டாம். எப்படியும் இடுப்புப் பையில் நான்கைந்து மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். 20 கிலோமீட்டரைத் தாண்டும் முன் ஒருமுறை இருதயப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள், சகோதரி.