துலிப் இரண்டாம் வருசம் இலை மட்டும் விடுது, பூ இல்லை. ஏன்?

பூப்பாத்தி (ஸ்காபரோ, ரொறன்ரோ):
வணக்கம். முன்பக்கப் பாத்தியில 30 துலிப் கிழங்கு தாட்டது, களிமண். போன வசந்தத்தில எல்லாம் பூத்தது. இந்த வருசம் பாதிக்கு மேல ஒற்றை அகல இலையோட நிக்குது, மொட்டே இல்லை. போன முறை பூ கொட்டின கையோட இலையை வெட்டி, அதே இடத்தில பெற்றூனியா நட்டு நாளாந்தம் தண்ணி விட்டது. உரம் போட்டால் திரும்பப் பூக்குமோ, இல்லாட்டி கிண்டி எறியிறதோ?

மண்வெட்டி:
காரணம் இலையை வெட்டினதுதான். நட்ட துலிப் கிழங்கு பூவைக் குடுத்திட்டுக் கரைஞ்சு போகும். அதுக்குள்ள இருந்து இரண்டு மூண்டு குட்டிக் கிழங்கு வரும். அதுகள் பருக்கத் தேவையான மாச்சத்து, பூ முடிஞ்ச பிறகு இலை பச்சையா நிக்கிற ஆறு கிழமை மட்டில சேருது. இலை போனால் குட்டி சின்னனாகவே நிண்டிடும், அது விடுறது ஒற்றை இலைதான். ஒண்டைக் கிண்டிப் பாருங்கோ: கடையில வாற நல்ல கிழங்கின்ர சுற்றளவு 12 செ.மீ., உங்கட மண்ணுக்குள்ள கிடக்கிறது சின்ன வெங்காயமளவுதான் இருக்கும்.

இனிப் பூத்ததுகளில இதழ் கொட்டினதும் தலையை மட்டும் கிள்ளுங்கோ, விதைக்காய் பிடிச்சால் சத்து அங்க போயிடும். தண்டையும் இலையையும் தொடாதையுங்கோ. ரொறன்ரோவில யூன் நடுப்பகுதியில மஞ்சளாகும், லேசா இழுத்தால் கையோட வரவேணும், அப்ப எடுக்கலாம். உரம் எண்டால் முளை தலை காட்டேக்க, நைதரசன் குறைஞ்சதாப் போடுங்கோ. இலை மஞ்சளான பிறகு போடுறது வீண்.

கறுத்தமண்:
மண்வெட்டி சொன்னது சரி, ஆனால் அந்தப் பெற்றூனியாத் தண்ணியும் பாதிக் காரணம். துலிப்பின்ர பூர்வீகம் மத்திய ஆசிய மலைச்சரிவு. அங்க குளிர்காலம் கடும் குளிர், கோடை காய்ஞ்ச சூடு. கோடையில ஈரமான களிமண்ணுக்குள்ள கிடந்தால் கிழங்கு அழுகும், அழுகாட்டியும் அடுத்த வருசப் பூமொட்டு உள்ள சரியா உருவாகாது. பாத்தியை 15 செ.மீ. உயர்த்தி, கொம்போஸ்டைக் கலவுங்கோ. களிமண்ணுக்கு மணலைக் கொஞ்சமாச் சேர்க்கிறவை இருக்கினம், அது கல்லுமாதிரி இறுகிப்போகும், வேண்டாம். இலை முறுகிச் சாம்பல் பூஞ்சணம் பிடிச்சிருந்தால் அந்தச் செடியைக் கிழங்கோட குப்பையில போடுங்கோ, கொம்போஸ்டில போடாதையுங்கோ. அந்த இடத்தில மூண்டு வருசம் துலிப் கூடாது.

பூப்பாத்தி:
நன்றி. புதுசா நடுறதெண்டால் எந்த இனம்? அணிலும் சிலதைக் கிளப்பிப்போட்டுது.

பனித்துளி:
வருசா வருசம் பூக்க வேணுமெண்டால் டார்வின் ஹைபிரிட் வகை வாங்குங்கோ, 'அப்பல்டோர்ன்' நம்பலாம். கிளியிறகு மாதிரி விளிம்பு சுருண்டதும் அடுக்கிதழும் பெரும்பாலும் ஒரு வருச அழகுதான். சின்னனா இருந்தாலும் பரவாயில்லையெண்டால் 'தார்தா' எண்ட காட்டுத் துலிப் இனம் இருக்கு, அது தானாப் பெருகும்.

ஒக்ரோபர் கடைசி தொடக்கம் நவம்பர் நடுப்பகுதிக்குள்ள, மண் 10 பாகைக்குக் கீழ வந்தாப் பிறகு நடுங்கோ. 20 செ.மீ. ஆழம், கூர் மேல, இடைவெளி 12 செ.மீ. அணில் தேடுறது புதுசாக் கிண்டின மண்ணை. கிழங்கிலிருந்து உதிர்ந்த சருகுத்தோலைப் பொறுக்கி எடுத்து, மண்ணை அமத்தி, 2.5 செ.மீ. கண்ணுள்ள கோழிக்கம்பி வலையைப் பரப்பி மேல கொஞ்சம் மண் போடுங்கோ. முளை வலைக்குள்ளால வரும். எலும்புத்தூள் போடாதையுங்கோ, அந்த மணத்துக்கு நாயும் ஸ்கங்க்கும் வந்து கிண்டும்.

டஃபோடில் பூச்செடியை அணில் தொடாது, கிழங்கில நஞ்சிருக்கு. அதாலதான் சொல்றன், நடுமட்டும் அதைச் சமையலறையில வெங்காயத்துக்குப் பக்கத்தில வைக்கவே கூடாது.

கறுத்தமண்:
ஒண்டு விட்டுப்போச்சு. நவம்பர் தவறி நிலம் உறைஞ்சால் கிழங்கை அடுத்த வருசத்துக்கு வைச்சிருக்கேலாது. சாடியில நட்டு, சூடேற்றாத கராஜில 2 தொடக்கம் 9 பாகைக்குள்ள 14 கிழமை வையுங்கோ, மண் காயாமல் பாத்தால் போதும். பிரிட்ஜில வைக்கிறதெண்டால் அப்பிள் இருக்கிற பிரிட்ஜ் வேண்டாம், அப்பிள் விடுற எதிலீன் வாயு உள்ளுக்க இருக்கிற மொட்டைக் கருக்கிப்போடும்.